"வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயிடுங்க..." - அதற்குப் பிறகு வாசலுக்கு வரும் சிஸ்டர்கள்!

"இனி இங்கே வெச்சிருந்து பிரயோஜனம் இல்லைங்க. வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயிடுங்க. ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுங்க."

பெரிய ஆஸ்பத்திரியின் வராண்டாவில் சொல்லப்படும் இந்த வார்த்தைகளை ஒருமுறையாவது கேட்காத குடும்பம் நம்மிடையே குறைவு. ஸ்கேன் ஃபிலிம்களை மஞ்சள் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, வாடகை காரின் பின்சீட்டில் நோயாளியைப் படுக்கவைத்து ஊர் திரும்புகிறார்கள். சொந்தக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் சேர்ந்துகொண்டே போகின்றன. நான்காம் நாள் கூட்டம் குறைகிறது. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு வலி வருகிறது.

அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது? 108-ஐக் கூப்பிட்டால் மறுபடியும் ஓர் ஆஸ்பத்திரி, மறுபடியும் ஒரு வராண்டா, பெரும்பாலும் அதே பதில். பக்கத்துத் தெரு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பாராசிட்டமால் அந்த வலிக்குக் கிட்டேகூட நிற்காது. விடியும் வரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழி தெரியாத மனைவிகளும் மகள்களும் மருமகள்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

'செய்ய ஒன்றுமில்லை' என்று ஆஸ்பத்திரி கைவிரித்த அந்த இடத்திலிருந்துதான் இன்னொரு வேலை தொடங்குகிறது. அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் நர்ஸ்கள். ஆங்கிலத்தில் 'பாலியேட்டிவ் கேர்' என்பார்கள். தமிழக அரசு 'வலி நிவாரணம் மற்றும் ஆதரவு சிகிச்சை' என்கிறது. இறுதிக் காலத்தில் இருப்பவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்துக்கு 'ஹாஸ்பீஸ்' என்று பெயர். ஊர்ப்பக்கம் இந்தப் பெயர் எதுவும் புழக்கத்தில் இல்லை. 'வீட்டுக்கு வர்ற சிஸ்டர்' என்றால்தான் தெரியும்.

பைக்குள் என்ன இருக்கிறது?

காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கிளம்பும் அந்த சிஸ்டரின் பையில் பெரிய கருவி எதுவும் இருக்காது. பி.பி. பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, கையுறைகள், யூரின் டியூப், மூக்கு வழியாக உணவு கொடுக்கும் டியூப், காஸ் துணி, பஞ்சு, கத்தரிக்கோல், கொஞ்சம் மாத்திரைகள். ஒருநாளில் பார்க்கவேண்டிய வீடுகளின் பட்டியல் ஒன்று. அதில் கேன்சர் நோயாளிகள் மட்டும் இருக்க மாட்டார்கள். பக்கவாதத்தில் படுத்தவர், மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட இளைஞர், கிட்னி செயலிழந்தவர், எல்லோரையும் மறந்துபோன பாட்டி என்று கலந்திருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சிஸ்டர் முதலில் பார்ப்பது வலியை. பி.பி-யைப் போலக் கருவி வைத்து அதை அளக்க முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?' என்பது புத்தகத்தில் இருக்கும் கேள்வி. வயதானவர்களிடம் அது எடுபடாது. 'ஒரு ரூபாய்க்குக் கால் ரூபா வலியா, முக்கால் ரூபா வலியா பாட்டி?' என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். எங்கே வலிக்கிறது, குத்துகிறதா, எரிகிறதா, சுருட்டிப் பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எரிகிற வலிக்கு ஒரு மருந்து, எலும்புக்குள் குடைகிற வலிக்கு வேறு மருந்து.

கேன்சர் முற்றிய நிலையில் வரும் கடும் வலிக்கு முதன்மையான மருந்து மார்ஃபின். இந்தப் பெயரைக் கேட்டதும் பல வீடுகளில் பயம் வந்துவிடும். 'அது போதை மருந்தாச்சே', 'பழகிட்டா விட முடியாதே', 'அதைக் கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்களாமே' என்பார்கள். மருத்துவர் சொன்ன அளவில், வலிக்காக மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் அடிமையாவது அரிது. சரியான அளவு மார்ஃபின் உயிரைக் குறைப்பதில்லை. வலியில் தூங்காமல், சாப்பிடாமல் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து பேத்தியோடு பேசுவதும் உண்டு. முதல் சில நாள்கள் குமட்டலும் தூக்கமும் இருக்கும், பிறகு குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. அதனால் மார்ஃபின் எழுதும்போதே மலமிளக்கி மாத்திரையும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறதா என்று நல்ல சிஸ்டர்கள் சீட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

மருந்தைவிட முக்கியமானது நேரம். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். 'வலி வந்தா போட்டுக்கலாம்' என்று காத்திருந்தால் ஒவ்வொரு முறையும் வலி முந்திக்கொள்ளும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். இரவு 10 மணிக்கு இரண்டு மடங்காகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. நடுராத்திரி 2 மணிக்கு நோயாளியை எழுப்பக் கூடாது என்பதற்காக! எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் மாத்திரைக் கவரின் மேல் சூரியனையும் நிலாவையும் வரைந்து கொடுத்துவிட்டு வருவார்கள். ஆஸ்பத்திரி கைவிரித்த பிறகு வரும் அந்த இரண்டு மணி வலிக்கு இப்படித்தான் முடிவு கட்டப்படுகிறது.

நர்ஸாகத் தொடங்கிய சிசிலி

வலி வருவதற்கு முன்பே, நேரம் தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் தன் வாழ்க்கையை ஒரு நர்ஸாகத் தொடங்கியவர். பெயர் சிசிலி சாண்டர்ஸ். 1918-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி பெற்றார். முதுகுப் பிரச்னையால் அந்த வேலையைத் தொடர முடியவில்லை. மருத்துவமனை சமூகப் பணியாளராக மாறினார்.

அப்படி வேலை பார்த்தபோது சந்தித்தவர்தான் டேவிட் டாஸ்மா. போலந்தின் வார்சாவிலிருந்து வந்த யூதர், உணவகத்தில் சர்வர். லண்டனில் அவருக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. 40 வயதில், அறுவை சிகிச்சை செய்ய முடியாத கேன்சர். சாவதற்கு இந்த வார்டை விட நல்ல இடம் ஒன்று இருக்கக்கூடாதா என்று இருவரும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். 1948-ல் இறந்தபோது டாஸ்மா, தான் சேர்த்து வைத்திருந்த 500 பவுண்டை சிசிலிக்கு எழுதிவைத்தார். அவர் கட்டப்போகும் இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த ஜன்னலைச் சுற்றி ஒரு கட்டடம் எழும்ப 19 ஆண்டுகள் ஆயின. மாலை நேரங்களில் செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்தில் சம்பளமில்லாமல் நர்ஸ் வேலை பார்த்தார் சிசிலி. அங்கேதான் மார்ஃபினை வலிக்குக் காத்திராமல் நேரப்படி கொடுப்பதைக் கண்டார். இறப்பவர்களைக் கைவிடுபவர்கள் டாக்டர்கள்தான், நர்ஸ் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நீ டாக்டராகு என்று ஒரு சர்ஜன் சொன்ன யோசனையை ஏற்று, 33 வயதில் மருத்துவம் படிக்கப் போனார். 1957-ல் டாக்டர் ஆனார். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பீஸ் திறக்கப்பட்டது. டாஸ்மாவின் நினைவாக அங்கே ஜன்னல் இருக்கிறது. 2005-ல் சிசிலியும் அதே இல்லத்தில்தான் கண்மூடினார்.

'முழு வலி' என்ற கருத்தும் அவர் கொடுத்ததுதான். உடம்பு வலியோடு மனவலி, பணக்கவலை, 'நான் யாருக்கு என்ன பாவம் செய்தேன்' என்ற கேள்வி எல்லாம் சேர்ந்த ஒரே மூட்டை அது. மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமல் இருக்கும்போது அப்பாவின் முதுகு வலி ஏன் மாத்திரைக்கு அடங்குவதில்லை என்பது நம் ஊர் சிஸ்டர்களுக்கு யாரும் பாடம் எடுக்காமலே தெரிந்திருக்கும்.

அபின் விளையும் நாட்டில்

இங்கே ஒரு முரணைச் சொல்லியாக வேண்டும். மார்ஃபின் எடுக்கப்படுவது அபினிலிருந்து. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் மாநிலங்களில் அரசு லைசென்ஸோடு கசகசாச் செடி பயிராகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு அபின் தொழிற்சாலைகள் இருக்கின்றன. நாம் வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதி செய்கிறோம். ஆனால், நம் ஊர்க் கேன்சர் நோயாளிக்குப் பத்து மில்லிகிராம் மாத்திரை கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. போதைப் பொருள் கடத்தலைத் தடுக்க 1985-ல் வந்த சட்டத்தின் கெடுபிடி அப்படி. ஒரே மருந்துக்குப் பல லைசென்ஸ்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம், சின்னத் தவற்றுக்கும் சிறை. ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைத்திருப்பதையே நிறுத்திக்கொண்டன. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்களுக்கு ஒரே அனுமதி போதும் என்றானது. அதற்குள் ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபின் எழுதியே பழகாமல் படித்து முடித்திருந்தார்கள்.

அந்த இருண்ட வருடங்களில் விளக்கேற்றி வைத்தது கேரளா. நாட்டின் முதல் ஹாஸ்பீஸ் என்னவோ மும்பையில் 1986-ல் தொடங்கிய சாந்தி அவேதனா சதன்தான். ஆனால், கட்டடத்துக்கு வெளியே, வீட்டு வாசலுக்கு இந்தச் சிகிச்சையைக் கொண்டுபோனது 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கப்பட்ட வலி மற்றும் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் மயக்கவியல் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால். தன்னை இந்தப் பாதைக்குத் திருப்பிய ஒரு நோயாளியைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். முகத்தில் கடும் கேன்சர் வலியோடு வந்தவருக்கு நரம்பில் ஊசி போட்டு வலியை நிறுத்தினார். 'மறுபடி எப்போ வரணும்?' என்று நோயாளி கேட்க, இனி வரத் தேவையில்லை என்றார் டாக்டர். தன் நோய் குணமாகாது என்பது அந்த மனிதருக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்குப் போனவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊசி பலித்தது, வார்த்தை தோற்றது.

இன்று கேரளாவில் பஞ்சாயத்துதோறும் வீட்டுக்குப் போகும் பாலியேட்டிவ் நர்ஸ் இருக்கிறார். இதற்கென்று தனிக் கொள்கையை 2008-லேயே வெளியிட்டது அந்த மாநிலம். தமிழகத்தில் கேன்சர் மருத்துவமனைகளும் தொண்டு இல்லங்களும் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்துவந்தன. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இதுவும் சேர்ந்தது. பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டமாகத்தான் பலருக்கும் அதைத் தெரியும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருவதும் அதே திட்டத்தில்தான். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேட்கலாம். 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது.

தேவையோ மலை அளவு. உலகம் முழுக்க ஆண்டுக்கு 5.68 கோடிப் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது, அது கிடைப்பது சுமார் 14 சதவிகிதம் பேருக்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வேலையைச் செய்யும் நர்ஸ்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள் என்பதையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

நாற்றம்... யாரும் பேசாத விஷயம்

வாயில், மார்பகத்தில் வரும் கேன்சர் சில சமயம் தோலைக் கிழித்துக்கொண்டு புண்ணாக வெளியே வரும். அந்தப் புண்ணின் நாற்றத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஊதுபத்தி, சாம்பிராணி, ஃபினாயில் எதற்கும் அடங்காது. பேரக்குழந்தைகளை அந்த அறைப்பக்கம் விட மாட்டார்கள். கட்டில் மெல்ல மெல்லத் திண்ணைக்கும், திண்ணையிலிருந்து மாட்டுக்கொட்டகைக்கும் நகர்வது உண்டு. இதைக் கல்நெஞ்சம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுக்க முடியாமல் குமட்டுகிறது என்பதை அம்மாவிடம் எந்த மகனால் சொல்ல முடியும்?

இதற்கான மருந்து விலை உயர்ந்தது அல்ல. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து, கழுவிய புண்ணின்மேல் தூவுவதுதான். நாற்றத்துக்குக் காரணமான கிருமிகளை அது கொல்கிறது. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவ வேண்டும். காய்ந்து ஒட்டிய துணியைப் பிய்த்து எடுக்காமல், நன்றாக நனைத்து ஊறவிட்டு மெதுவாக உரிக்க வேண்டும். அவசரப்பட்டால் ரத்தம் கொட்டும். டிரெஸ்ஸிங்குக்கு அரை மணி நேரம் முன்பே ஒரு வேளை வலி மருந்து கொடுத்துவிட்டால் நோயாளி பல்லைக் கடிக்க வேண்டியதில்லை. பணம் இல்லாத வீட்டில் பழைய பருத்திப் புடவையைத் துவைத்து, வேகவைத்து, வெயிலில் உலர்த்திக் கட்டுத்துணி ஆக்கச் சொல்லிக் கொடுப்பார்கள்.

ஈ உட்கார்ந்த புண்ணில் புழு வைத்திருக்கும். வீட்டாருக்கு அதுதான் பேரவமானம். பூர்வ ஜென்மப் பாவம் என்று அக்கம்பக்கம் பேசும். டர்பன்டைன் நனைத்த துணியைப் புண்ணின் ஓரத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் புழுக்கள் வெளியே வரும். ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுப்பார் சிஸ்டர். முகத்தைச் சுளிக்காமல், பேச்சை நிறுத்தாமல். நோயாளியின் கண் முழுக்க சிஸ்டரின் முகத்தில்தான் இருக்கும் என்பதால் இந்த வேலைக்கு வருபவர்கள் தங்கள் முகத்தைப் பழக்கிக்கொள்கிறார்கள். நாலைந்து நாளில் நாற்றம் குறையும். அதற்கு அடுத்த வருகையில் கட்டில் மறுபடி கூடத்துக்கு வந்திருந்தால், அன்றைக்கு சிஸ்டருக்கு வேறு பாராட்டு வேண்டாம்.

ஒரு புண்கூட இல்லாத 37 ஆண்டுகள்

படுக்கைப் புண் வராமல் காப்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. புண் வந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். வராமல் இருந்தால் யார் கவனிப்பார்கள்? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. இடுப்பு எலும்பு, குதிகால் சிவந்திருந்தால் அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. தேய்ப்பது நல்லது என்று நினைத்துத்தான் பல வீடுகளில் புண்ணை வரவழைக்கிறார்கள். வாட்டர் பெட் வாங்கிப் போட்டுவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்பதும் தப்புக்கணக்கு.

இந்த வேலையின் உச்சத்தை இந்தியா பார்த்தது மும்பை கே.இ.எம் மருத்துவமனையில். அங்கே நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் ஒரு ஊழியரின் கொடூரத் தாக்குதலுக்கு ஆளாகி நினைவு திரும்பாமல் படுக்கையில் விழுந்தார். அவரைக் கருணைக்கொலை செய்ய அனுமதி கேட்டு எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கை 2011-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 37 ஆண்டுகளில் அருணாவுக்கு ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை என்ற விவரம் அந்த வழக்கில் வெளிவந்தது. அருணாவோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வுபெற்று, அவரைப் பார்த்தே இராத புது நர்ஸ்கள் வந்து, அவர்களும் மூத்தவர்களான பிறகும் புரட்டிப் படுக்கவைப்பது நிற்கவில்லை. 2015 மே 18-ல் நிமோனியாவால் இறக்கும் வரை, மொத்தம் 42 ஆண்டுகள்.

அந்த வாழ்க்கை தொடர்ந்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு நியாயமான இரண்டு பக்கங்கள் உண்டு. 2018-ல் உச்ச நீதிமன்றம், கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது. மீளவே முடியாத நிலை வந்தால் எந்த சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதிவைக்கலாம். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஸட்டட் அதிகாரியின் கையொப்பம் போதும் என்று 2023-ல் நடைமுறையும் எளிதாக்கப்பட்டது. சொத்துக்கு உயில் எழுதுவதையே தள்ளிப்போடும் நாம் இதை எங்கே எழுதப் போகிறோம் என்பது வேறு விஷயம்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

வாசலிலேயே மறித்து, குரலைத் தாழ்த்தி, வீட்டார் சிஸ்டரிடம் சொல்லும் வாக்கியம் இது. 'அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம்.' உள்ளே போனால் நோயாளி மெதுவாகக் கேட்பார், 'எனக்குத் தெரியும் சிஸ்டர். பாவம், அவங்களுக்குத் தெரிய வேணாம்.' ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் நடிப்பு.

போட்டு உடைப்பதற்கு சிஸ்டருக்கு உரிமை இல்லை. பொய்க்குத் துணை போகவும் கூடாது. 'உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க ஐயா?' என்று திருப்பிக் கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். இந்தச் சும்மா இருத்தல்தான் கஷ்டமான பாடம். சிலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். அன்றைக்கு அவ்வளவுதான். சிலர் சொல்லத் தொடங்குவார்கள். பேங்க் புத்தகம் எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி, பேச்சுவார்த்தை இல்லாத தம்பியை வரச் சொல்ல வேண்டும் என்று. நாள் இருக்கும்போது சொன்னால்தான் தம்பியும் வந்து சேர முடியும்.

கிளம்பும்போது கவனித்துக்கொள்கிறவரிடம் ஒரு கேள்வி. 'நீங்க சாப்பிட்டீங்களா? ராத்திரி தூங்கினீங்களா?' பல மாதங்களில் அந்த மருமகளிடம் யாரோ கேட்கும் முதல் விசாரிப்பாக அது இருக்கும். பெரும்பாலும் அங்கேதான் அழுகை வெடிக்கும்.

கடைசி நாள்கள்

நம் வீடுகளில் அன்பு என்றால் சாப்பாடு. அதனால், நோயாளி சாப்பிட மறுக்கும் நாளில் வீடே கலங்கிவிடும். 'பட்டினி போட்டுக் கொல்றோமே சிஸ்டர், ஒரு குளுக்கோஸ் பாட்டிலாவது ஏத்துங்களேன்' என்பார்கள். உடம்பு அணையத் தொடங்கும்போது பசி அடங்கிவிடுகிறது. சாப்பிடாததால் அவர் இறக்கவில்லை, இறந்துகொண்டிருப்பதால் சாப்பிடவில்லை. அந்த நேரத்தில் ஏற்றும் குளுக்கோஸ் காலில் வீக்கமாகவும் நுரையீரலில் நீராகவும் தேங்கி, மூச்சை இன்னும் கஷ்டமாக்கலாம். இதைச் சொல்லிப் புரியவைப்பது ஒரு ஊசி போடுவதைவிடச் சிரமம். ஆகவே, சிஸ்டர் செய்வதற்கு ஒரு வேலை கொடுப்பார். சுத்தமான துணியை நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரமாக வைத்திருக்க வேண்டும், உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். சோறு ஊட்டிய கைகளுக்கு இப்போது இந்த வேலை.

பால் ஊற்றும் வழக்கம் இன்னொன்று. நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்த் திணறடிக்கும். 'கூடாது' என்று சொன்னால் எந்தக் குடும்பம் கேட்கும்? 'பால்ல விரலை நனைச்சு உதட்டுல தடவுங்க. ஒவ்வொருத்தரா வந்து செய்யுங்க' என்றால் கேட்பார்கள். சடங்கும் நிறைவேறும், அவருக்குத் திணறலும் இராது.

பிறகு அடையாளங்கள். தூக்கம் கூடும். கை, கால் சில்லிடும், திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு விட்டு விட்டு வரும், நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி தொடங்கும். தொண்டையில் 'கொர கொர' சத்தம் கேட்கும். விழுங்க முடியாத எச்சில் தங்குவதால் வரும் சத்தம் அது. பக்கத்தில் இருப்பவர்களைப் பயமுறுத்தும் அளவுக்கு அது நோயாளியை வருத்துவதில்லை என்பதுதான் மருத்துவம் சொல்வது. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். தேவைப்பட்டால் ஊசியும் உண்டு. இவற்றையெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் நடுராத்திரியில் 108-க்கு அலறி, ஆம்புலன்ஸிலேயே உயிர் பிரியும் நிலை வராது. எதிர்பார்த்த மரணம் அவர் கட்டிலிலேயே நடக்கும்.

காது கடைசி வரை கேட்கக்கூடும் என்பது சிஸ்டர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் விஷயம். 2020-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், இறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு நினைவற்று இருந்த ஹாஸ்பீஸ் நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். ஒலிக்குச் சில மூளைகள் அப்போதும் பதில் அலைகளைக் காட்டின. அவர்களுக்குப் புரிந்ததா என்பதை அந்தக் கருவி சொல்லாது. இருந்தாலும், தலைமாட்டில் நின்று நிலப் பங்கீடு பேசுபவர்களை சிஸ்டர்கள் வெளியே அனுப்புவதற்கு அது போதும்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு

காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, சிஸ்டர் மறுபடி ஒருமுறை அந்த வீட்டுக்குப் போவார். மீதமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி வாங்கிக் குறித்துக்கொள்ள வேண்டும். இரவல் கொடுத்த வாட்டர் பெட்டையும் சக்கர நாற்காலியையும் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை என்று பார்த்தால் பத்து நிமிடம்தான்.

பத்து நிமிடத்தில் யாரும் விடுவதில்லை. காபி வரும். போட்டோவில் புதிதாக மாலை போட்டிருக்கும். கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு மனைவியோ மகளோ அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்.

"கடைசி நேரத்துல அவருக்கு வலிச்சிருக்குமா சிஸ்டர்?"

வேளை தவறாமல் மருந்து கொடுத்த வீடாக இருந்தால், அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்தாலே தெரியும். 6, 10, 2, 6, 10 என்று ஒவ்வொரு தேதியிலும் பென்சிலால் டிக் அடித்திருப்பார்கள். 'நீங்க ஒரு வேளைகூட விடலையே அம்மா' என்று அதைக் காட்டுவார் சிஸ்டர்.

சில வீடுகளில் அந்தக் காலண்டர் இருக்காது. சேதி தெரிந்து சிஸ்டர் வந்ததே கடைசி இரண்டு நாளில் என்று இருக்கும். அங்கே அதே கேள்விக்கு அவர் பொய் சொல்வதில்லை. காபி ஆறும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அப்புறம் வாட்டர் பெட்டைச் சுருட்டி வண்டியில் ஏற்றுவார். அதற்காக இன்னொரு வீட்டில் காத்திருக்கிறார்கள்.